விளையாட்டு மேடை: வாசகர் கேள்வி பதில்

கே: ஹாலோ நைட் வீடியோ கேமின் கடைசிச் சண்டையை முடித்துவிட்டேன். உண்மையான முடிவு வேறு என்கிறார்களே, எப்படிப் பார்ப்பது? (வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்)

ப: 2017இல் வந்த இந்த விளையாட்டின் பாதி ருசியே அதில்தான் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். 1800 எசன்ஸ் (கனவுத் துளிகள்) சேர்த்து சீயர் என்ற மூதாட்டியிடம் போனால், கனவுக்குள் நுழையவைக்கும் ட்ரீம் நெயில் ஆயுதம் முழு சக்தியோடு விழித்துக்கொள்ளும். ஏன்ஷியன்ட் பேசின் பகுதியில் கிடக்கும் காவலன் சடலத்தை அதால் அடித்தால் வைட் பேலஸ் என்ற அரண்மனை திறக்கும். அங்கே சுழலும் ரம்பங்கள் உயிரை வாங்கும். ஹைவ்பிளட் சார்மை (தாயத்து) போட்டுக்கொண்டு, அடிபட்டால் பத்து விநாடி மறுபடி அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இழந்த கடைசி மாஸ்க் (உயிர் அளவு) திரும்பிவிடும். அரண்மனையில் கிடைக்கும் பாதிச் சார்மும், குயின்ஸ் கார்டன்ஸ் பகுதியில் வைட் லேடி என்ற ராணி தரும் மறுபாதியும் சேர்ந்தால் கிங்சோல் என்ற சார்ம். அதை அணிந்து அபிஸ் என்ற பாதாளத்தின் அடிக்குப் போனால் அது வாய்ட் ஹார்ட் என்ற சார்மாகிவிடும்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். கடைசிச் சண்டையில் ஹார்னெட் என்ற வீராங்கனை வந்து எதிரியைப் பிடித்துக்கொள்வாள். அப்போது வாளை வீசாதீர்கள், ட்ரீம் நெயிலால் அடியுங்கள். அப்போதுதான் உண்மையான கடைசி எதிரியான ரேடியன்ஸ் வருவாள். அவள் அடி ஒவ்வொன்றும் இரண்டு மாஸ்க்.

கே: ஹாலோ நைட் ஆடும்போது மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகிறது, என்ன செய்வது? (வாசகி, ஏற்காடு)

ப: மானிட்டரையும் யூபிஎஸ்ஸிலேயே செருகுங்கள், சிபியூவை மட்டும் செருகினால் திரை இருண்டுவிடும். விளையாட்டுக்குள் பெஞ்சைக் கண்டால் உட்காராமல் தாண்டாதீர்கள், உட்கார்ந்தால் ஆட்டம் சேமிக்கப்படும்.