அந்த 35,000 ரூபாயைக் கட்டாதீர்கள்

"வயது 22. பி.காம். முடித்துவிட்டு வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். உயரம் 5 அடி 4 அங்குலம், மாநிறம். இன்ஸ்டாகிராமில் என் படத்தைப் பார்த்துவிட்டு, மாடலிங் ஏஜென்சி என்று சொல்லி ஒருவர் பேசினார். போர்ட்ஃபோலியோ என்ற படத் தொகுப்புக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் சேர்த்து 35,000 ரூபாய் கட்டினால் மாதம் நாலு ஷூட் உறுதியாம். அம்மா வளையலை அடகு வைக்கலாம் என்கிறார். மாடலிங்கில் நிஜமாகவே நல்ல சம்பளம் கிடைக்குமா?"

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

வளையல் அம்மாவின் கையிலேயே இருக்கட்டும்.

முறையான ஏஜென்சி வேலை வாங்கிக் கொடுத்து, வரும் சம்பளத்திலிருந்து 15 முதல் 30 சதவீதம் வரை கமிஷன் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு வேலை வந்தால்தான் அவர்களுக்கும் வரும்படி. முன்கூட்டியே 35,000 வாங்குகிறவருக்கு நீங்கள் கட்டிய அன்றே வரும்படி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு உங்களுக்காக அலைய அவருக்கு என்ன அவசியம்? 'நாலு ஷூட் உறுதி' என்று எந்த ஏஜென்சியாலும் சொல்ல முடியாது. யாரை எடுப்பது என்று முடிவு செய்வது கடைக்காரரும் விளம்பர நிறுவனமும்தான். 'எங்கள் போட்டோகிராபரிடம்தான் எடுக்க வேண்டும்' என்றாலே எழுந்து வந்துவிடுங்கள்.

தொடங்குவதற்கு உங்களுக்கு வேண்டியது ஆறேழு 'டிஜிட்டல்ஸ்'. மேக்கப்பும் ஃபில்டரும் இல்லாத சாதாரணப் படங்களுக்குத் துறையில் அதுதான் பெயர். காலை வெளிச்சத்தில், வெயில் நேராக விழாத ஜன்னலைப் பார்த்து, வெறும் சுவருக்கு முன்னால் நில்லுங்கள். உடம்போடு ஒட்டிய கறுப்பு டி-ஷர்ட், ஜீன்ஸ் போதும். நேர்முகம், இரண்டு பக்கவாட்டு முகம், தலை முதல் கால் வரை ஒன்று, முடியை இழுத்துக் கட்டி ஒன்று, விரித்து ஒன்று, பல் தெரியச் சிரித்து ஒன்று. செல்ஃபி கூடாது. கை நீளத்தில் பிடித்த போன் மூக்கைப் பெரிதாக்கிக் காதைச் சின்னதாக்கிவிடும். தோழியை ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி, போன் கேமராவின் 2எக்ஸ் ஜூமில் எடுக்கச் சொன்னால் முகம் உள்ளபடி வரும். முழு உருவத்துக்கு மூன்று மீட்டர் தள்ளி, போனை இடுப்பு உயரத்தில் பிடிக்க வேண்டும். தலை உயரத்தில் பிடித்தால் கால் குட்டையாகத் தெரியும். உயரம், மார்பு, இடை, இடுப்பு, செருப்பு அளவுகளை டேப் வைத்து அளந்து அப்படியே எழுதுங்கள். கூட்டியோ குறைத்தோ எழுதினால் ஷூட் அன்று பிளவுஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

நல்ல கேமராவில் நாலு படம் வேண்டுமென்றால், தரமணியில் உள்ள நிஃப்ட் ஃபேஷன் கல்லூரி மாணவர்களுக்கும் நகரத்துக் கல்லூரிகளின் விஸ்காம் (காட்சி ஊடகம்) மாணவர்களுக்கும் தங்கள் படைப்புகளைக் காட்ட முகங்கள் தேவைப்படும். இரு தரப்புக்கும் படம், யாருக்கும் பணமில்லை என்ற ஏற்பாட்டை டி.எஃப்.பி. என்பார்கள். 'கடைகளுக்கு விற்கக் கூடாது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிக்கொண்டு போங்கள்.

ஃபேஷன் ஷோ மேடையில் நடக்கும் ராம்ப்புக்குப் பொதுவாக 5 அடி 8 அங்குலமாவது கேட்பார்கள்; அதை மறந்துவிடலாம். சென்னையில் புடவை, சுடிதார், நகை, டி.வி. விளம்பர வேலைகள் இருக்கின்றன. நகைக்கு உயரமே தேவையில்லை. கழுத்து, காது, கை மூன்றும்தான் மூலதனம். மணிக்கட்டில் வாட்ச் தழும்பு, விரலில் பாதி அழிந்த மருதாணி, கனமான ஜிமிக்கியால் நீண்டுபோன காது ஓட்டை, இவற்றில் ஒன்று இருந்தாலும் குளோஸ்-அப் கிடைக்காது. புடவை கேட்டலாக் என்றால் ஒரே நாளில் இருபது முப்பது புடவை கட்டி அவிழ்க்க வேண்டியிருக்கும். தோல் நிற உள்ளாடை, வெள்ளையும் கறுப்புமாக இரண்டு உள்பாவாடை, ஹீல்ஸ், ஊக்கு டப்பா கையோடு இருக்கட்டும். ஊக்கை ஜரிகையில் குத்தாதீர்கள். பட்டு இழை இழுத்துக்கொண்டால் அந்தப் புடவை விற்பனைக்கு உதவாது, பழியும் உங்கள் மேல் விழும். உள்மடிப்பில், பிளவுஸ் துணியோடு சேர்த்துக் குத்த வேண்டும்.

மாநிறம் என்று எழுதியிருந்தீர்கள். வெளுத்த முகம்தான் வேண்டும் என்று கேட்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. தமிழ்ப் பெண்கள் கட்டும் புடவைக்கு அப்படிக் கேட்பது பெரிய அநியாயம். அதற்காக சிவப்பழகு கிரீம் பக்கம் போய்விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் தோலை மெலியவைத்து, பருவையும் சிவப்பையும் கிளப்பிவிடும். அதை மேக்கப்பாலும் மறைக்க முடியாது.

இனி சம்பளம். ஒரு நாளைக்கு 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 20 சதவீதம் போனால் 6,400. மாதம் மூன்று நாள் வேலை வந்தால் 19,200, வராத மாதம் ஒன்றுமில்லை. அட்சய திருதியை, ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் ஆகியவற்றுக்குச் சில வாரங்கள் முன்னால் வேலை குவியும், நடுவில் காயும். அதனால் டியூஷனை விடாதீர்கள்.

ஆனால் 8,000 என்ற எண்ணைவிட முக்கியமான ஒரு வரி இருக்கிறது. படத்தை எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்துவார்கள் என்ற வரி. துறையில் இதை 'யூசேஜ்' என்பார்கள். கடையின் இன்ஸ்டா பக்கத்துக்கு என்று சொல்லி எடுத்த படம், தீபாவளிக்கு அண்ணா சாலையில் ஹோர்டிங்காக நிற்கும், பஸ்ஸின் முதுகில் போகும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் காப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி எடுக்கச் சொன்னவருடையது. முகத்துக்குச் சொந்தக்காரியான உங்களுக்கு அதில் பங்கில்லை. அதைவிட மோசம், அந்த ஹோர்டிங்கைப் பார்த்த அடுத்த ஜவுளிக்கடை 'இந்த முகம் அவர்களுடையது' என்று உங்களைத் தவிர்த்துவிடும். ஒரு நாள் சம்பளத்துக்கு ஒரு வருடத்து வேலை போய்விடும். அதனால் ஷூட்டுக்கு முன்பே மெயிலில் வாங்குங்கள்: எந்த ஊடகம், எந்த ஊர், எத்தனை மாதம், நீட்டித்தால் எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை, எத்தனை புடவை. 'எல்லா ஊடகங்களிலும், காலவரையின்றி' என்று இருந்தால் தொகையைப் பல மடங்கு உயர்த்திக் கேளுங்கள், இல்லாவிட்டால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

பணம் இரண்டு மூன்று மாதம் இழுப்பது இங்கே சகஜம். குறுந்தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு, பில்லில் அந்த எண்ணைப் போடுங்கள். குறுந்தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு. பெரிய நிறுவனங்கள் டி.டி.எஸ். (தரும் பணத்திலேயே முன்கூட்டிக் கழிக்கும் வருமான வரி) பிடிக்கும், பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

ஹோட்டல் அறையில் ஆடிஷன், வீடியோ காலில் 'உடல்வாகு பார்க்க வேண்டும்' என்ற பேச்சு, இரண்டுக்கும் பதிலே வேண்டாம். முதல் ஷூட்டுக்கு அம்மாவும் கூட வரட்டும். மறுத்தால் வேலையே வேண்டாம். படத்தை வைத்து யாராவது மிரட்டினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கோ பெண்கள் உதவி எண் 181-க்கோ கூப்பிடுங்கள்.

உங்களிடம் பேசிய ஆளுக்கு இன்றே இப்படி எழுதுங்கள்: 'கட்டணம் எதுவும் தரமாட்டேன், வேலை கொடுத்தால் கமிஷன் பிடித்துக்கொள்ளுங்கள். அலுவலக முகவரியும், நீங்கள் கடைசியாக மாடல்களை அனுப்பி எடுத்த மூன்று விளம்பரங்களும் அனுப்புங்கள்.' வந்தால் அந்தக் கடைகளுக்கே போன் செய்து விசாரியுங்கள்.