பேராசிரியர் பதில்கள்: லயம், பொட்டல், தப்பு

கேள்வி: தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களை இடித்துத் தனி வீடுகள் கட்டினால் இலங்கை மலையக மக்களின் ஒற்றுமையும் கலாசாரமும் குலைந்துவிடும் என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் வருந்துகிறார்கள். தங்கள் கருத்து என்ன?
– வாசகர், தலவாக்கலை

பதில்: பெரியவர்களின் வருத்தம் வீணானதன்று. ஆனால், அந்த ஒற்றுமைக்கான பெருமையை லயத்துக்குக் கொடுக்க நான் உடன்படமாட்டேன். கோப்பிக் காலத்தில் தோன்றி, 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பின்னர் மலையெங்கும் பெருகிய அந்தக் கட்டடம், குடும்பங்கள் வாழ்வதற்கென்று வரையப்பட்டதன்று; குறைந்த செலவில் கூடுதலானோரைத் தங்கவைத்து, விடியுமுன் எல்லாரையும் ஒருசேரப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆட்கணக்கெடுப்புக்கு, கிளப்புவதற்கென்று வரையப்பட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடியளவில் ஒரு காம்பரா என்னும் அறை, அதன் முன்னே இஸ்தோப்பு என்னும் ஒடுங்கிய திண்ணை, பக்கத்து வீட்டுப் பேச்சைத் தடுக்காத சுவர், இவையனைத்துக்கும் சேர்த்து ஒரே கூரை. ஒரு காம்பராவில் பற்றிய தீ வரிசை முழுவதையும் எரித்துவிடுவதற்கு அந்தக் கூரையும் ஒரு காரணம். இத்தகைய இடத்திலும் கல்யாணம், சடங்கு, இழவு அனைத்தையும் ஒருவருக்கொருவர் தோள்கொடுத்து நடத்தியவர்கள் மக்கள். பெருமை அவர்களுக்கே உரியது.

எனக்குள்ள கவலை வேறு. இந்திய உதவியுடன் கட்டப்படும் வீடு 550 சதுர அடி. முந்தைய கட்டங்களில் கொடுத்த காணி 7 பேர்ச், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீட்டுக்கும் மலசலகூடத்துக்கும் போக, மலைச்சரிவில் மண் சரியாமலிருக்க அணைகட்டவும் இடம் விட்ட பின்னர், மரக்கறிப் பாத்திக்கும் மாட்டுப்பட்டிக்கும் எஞ்சியது சொற்பமே. கல்யாணத்துக்கும் இழவுக்கும் லயத்து வாசலில் பந்தல் போட்டார்கள். காணிகளையும் பாதையையும் மட்டும் காட்டும் வரைபடத்தில் அந்தப் பந்தலுக்கு இடமில்லை. தனி வீடு வேண்டுமா என்பது கேள்வியே அன்று, கட்டாயம் வேண்டும். அவற்றுக்கு நடுவே பொதுநிலம் விடப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் உங்கள் பெரியவர்கள் அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னரே கேட்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரி விழாவில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தை ஒரு மணித்தியாலமாகச் சுருக்கி மேடையேற்றினோம். பார்த்த முதியவர் ஒருவர் ‘இது கூத்தே இல்லை’ என்று எழுந்து போய்விட்டார். நாங்கள் செய்தது பிழையா?
– மாணவி, பண்டாரவளை

பதில்: பிழையில்லை, மகளே. ஆனால் முதியவரின் கோபத்துக்கும் காரணமுண்டு. மாசி மாதத்து அமாவாசைக்குப் பின்னர் காமன் பொட்டல் என்னும் திறந்த வெளியில் கம்பம் ஊன்றியதிலிருந்து, சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரியும் இரவு வரை, விரதமிருக்கும் ஆட்டக்காரர்களோடு சேர்ந்து தோட்டமே அந்தக் கதைக்குள் இருக்கிறது. பார்வையாளர் சுற்றிலும் நிற்பதால் ஆட்டக்காரருக்கு முதுகுப்புறம் என்று ஒன்று கிடையாது. அடவும் பாட்டும் அந்த வட்டத்துக்கென்றே அமைந்தவை. மூன்று பக்கம் அடைத்த மேடையில் ரதியை ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்திவிட்டால், ஆட்டத்தில் பாதி நின்றுபோகிறது. அடுத்த முறை கல்லூரி மைதானத்தில் தரையில் ஆடிப் பாருங்கள், முதியவரையும் அழையுங்கள்.

பொட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டக் காணிகள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. தலைமுறை தலைமுறையாகக் கம்பம் ஊன்றிய நிலமாயினும், அதில் ஆடுபவர்களின் பெயரில் ஒரு சாண்கூட இல்லை. கூத்தைக் காப்பாற்றுவோம் என்று கருத்தரங்கு நடத்தும் என் போன்றவர்கள், பொட்டலுக்கு ஒரு காணி உறுதிப் பத்திரம் கேட்டு மனு எழுதினால் கூடுதல் பயன் விளையும்.

கேள்வி: பாடசாலையில் தப்பு என்னும் பறையை அடிக்கக் கற்பிக்க முயன்றபோது, பெற்றோர் சிலர் ‘சாவு மேளம்’ என்று எதிர்த்தார்கள். என்ன சொல்வது?
– ஆசிரியர், ஹட்டன்

பதில்: எதிர்ப்பவர்கள் இரு வகையினர் என்பதைப் பிரித்துப் பாருங்கள். சாதியின் பெயரால் இழிவாகக் கருதி மறுப்பவர்களுக்கு, பெரட்டுக்கு அழைத்ததும் திருவிழாவை நடத்தியதும் காமன் கூத்தை ஆட்டுவித்ததும் அதே தப்புதான் என்று சொல்லுங்கள். தலைமுறைகளாக அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட குடும்பத்தவர், ‘எங்கள் பிள்ளை இனி அடிக்க வேண்டாம்’ என்றால், அந்த மறுப்பை மதியுங்கள், அது சுயமரியாதை. எல்லாப் பிள்ளைகளும் கற்கட்டும். கற்பிக்கும் கலைஞருக்குச் சங்கீத ஆசிரியருக்குரிய அதே ஊதியமும் நாற்காலியும் கொடுங்கள். முதற்பாடமாகத் தோலை நெருப்பில் காய்ச்சக் கற்றுக்கொடுங்கள். நமது மூடுபனியில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். எவ்வளவு காய்ச்சினால் சுருதி ஏறும் என்பதைக் காதால்தான் அறிய முடியும்.

கேள்வி: பாட்டால் அரசியல் செய்ய முடியுமா?
– வாசகி, நுவரெலியா

பதில்: செய்திருக்கிறார்கள். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் கூட்டங்களில் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாரதி பாடல்களையும் தாமே இயற்றியவற்றையும் பாடினார். 1940இல் தம் பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். அடுத்த ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் வந்து, அவருக்கு வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது என்பதையும் மறக்கலாகாது. இன்றைய மே தின மேடைகளிலும் பாட்டு ஒலிக்கிறது. பெரும்பாலும் சினிமா மெட்டில் தலைவரின் பெயர். மெட்டை இரவல் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. சம்பளத்தையும் காணியையும் பற்றி அதில் ஓரடியாவது இருக்கிறதா என்றுதான் காது கொடுத்துக் கேட்கிறேன்.