விண்வெளிப் பயிற்சிக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் பணகுடியில் இருக்கிறோம். காற்றாலையில் பராமரிப்பு வேலை, மாதம் 24,000 ரூபாய் சம்பளம். மகள் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இஸ்ரோவின் ராக்கெட் இன்ஜின் சோதனை மையம் இருக்கும் மகேந்திரகிரியைப் பார்த்தே வளர்ந்தவள், இஸ்ரோவில்தான் சேருவேன் என்கிறாள். ஒரு பயிற்சி மையத்தில் விண்வெளித் தொழில்நுட்பச் சான்றிதழ் படிப்புக்கு 2,50,000 ரூபாய் கேட்கிறார்கள். 10,000 முன்பணம் கட்டிவிட்டேன். மீதிக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாமா? 1,60,000 ரூபாய் கல்விக்கடனும் இருக்கிறது.

பதில்: அண்ணாச்சி, நகை வீட்டிலேயே இருக்கட்டும். இஸ்ரோவின் விஞ்ஞானி/பொறியாளர் வேலைக்கு இந்தச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. அவர்கள் பார்ப்பது பி.இ.யில் 65 சதவீதம் அல்லது பத்துக்கு 6.84 சிஜிபிஏ (சராசரி தரப்புள்ளி). அப்புறம் தேர்வு, நேர்காணல். சில ஆண்டுகளில் தனி எழுத்துத் தேர்வு வைக்கிறார்கள், சில ஆண்டுகளில் பொறியியல் மேற்படிப்புக்கான தேசியத் தேர்வான கேட் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். அதிகம் ஆள் எடுப்பது எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவுகளில்தான். உங்கள் மகள் சரியான பாதையில்தான் நிற்கிறாள். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். அவர் எலக்ட்ரானிக்ஸ் படித்ததும் இதே கல்லூரியில்தான். 1987-இல் இஸ்ரோவில் சேர்ந்தார்.

2,40,000 ரூபாய்க்கு 9 சதவீதம் என்றாலும் ஆண்டு வட்டி 21,600. கிட்டத்தட்ட உங்கள் ஒரு மாதச் சம்பளம். நகைக்கடனை பெரும்பாலும் ஓராண்டுக்குள் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வட்டியைக் கட்டி மறு அடகு வைக்க வேண்டும். வேலை கிடைக்கும்வரை இந்தச் சுமை தொடரும்.

உங்கள் குடும்பத்துக்குப் பணம் உண்மையில் தேவைப்படப்போவது பி.இ. முடித்த பிறகு. இஸ்ரோ அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. முதல் முறையிலேயே கிடைக்காமலும் போகலாம். பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 28 என்பதால் மகளுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் காத்திருக்கும் அந்த மாதங்களில் வீட்டில் பணமுடை வந்தால், கிடைத்த வேலைக்குப் போ என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். நிறைய பிள்ளைகள் தேர்வைக் கைவிடுவது அந்த இடத்தில்தான். அதனால் இன்றே வங்கியில் இரண்டு ஆண்டுக்கு மாதம் 2,000 ரூபாய் தொடர் வைப்பு (ஆர்.டி.) தொடங்குங்கள். இரண்டு ஆண்டில் அசல் மட்டும் 48,000. விண்ணப்பம், பயணம், புத்தகம், சில மாத விடுதிச் செலவு எல்லாம் அதில் அடங்கும்.

கேட் தேர்வை மூன்றாம் ஆண்டு மாணவர்களே எழுதலாம். நல்ல மதிப்பெண் வாங்கி ஐஐடியில் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். 24 மாதத்துக்கு 2,97,600. நீங்கள் நகையை வைத்துக் கட்ட நினைத்ததைவிட அதிகமான பணம், அரசே தருவது! படிப்பதற்கு என்ன செய்வது என்றால், ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் உண்டு. டேராடூனில் உள்ள இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனமும் இணையவழி வகுப்புகளை இலவசமாகவே நடத்துகிறது.

கல்விக்கடன் விஷயத்தில் ஒன்றை உடனே பாருங்கள். உங்கள் ஆண்டு வருமானம் 2,88,000. குடும்ப வருமானம் 4,50,000-க்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்குமான வட்டியை ஏற்கும் மத்திய அரசின் மானியத் திட்டம் இருக்கிறது. வருமானச் சான்றிதழோடு வங்கிக்குப் போய், உங்கள் கணக்குக்கு அது பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்காமலே விட்டு வட்டி ஏறிக்கிடக்கும் குடும்பங்கள் உண்டு.

முன்பணம் 10,000-ஐ எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். அவர்கள் தர மறுத்தாலும் அந்தப் பத்தாயிரத்துக்காக மீதி 2,40,000-ஐக் கட்டிவிடாதீர்கள்.