ஸ்கேன் செய்துவிட்டால் புத்தகம் தப்பித்துவிடுமா?

பல்கலைக்கழக நூலகத்தில் நூல் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நூல்களை மின்னாக்கம் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அக்கா, தாத்தா வைத்திருந்த 1920களின் நாவல்கள் தொட்டாலே உடைகின்றன. ஓலைச்சுவடி மட்டும் எப்படித் தாங்கியது?

19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழ் காகிதம் பெருகியது. மை ஊறாமலிருக்க அதில் படிகாரமும் ரோசின் என்ற மரப்பிசினும் சேர்த்தார்கள். அதில் உண்டாகும் அமிலம் காகித இழையை உள்ளிருந்தே அறுக்கிறது. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகம். தயவுசெய்து செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். ஓலையும் சில நூறு வருடங்களுக்கு மேல் தாங்குவது அரிது. திரும்பத் திரும்பப் படியெடுத்ததால்தான் நூல்கள் நம் கைக்கு வந்தன.

போனில் படம் எடுத்தால் போதாதா?

படிக்கப் போதும். நூலகத்தில் முதுகு முறியாதபடி புத்தகத்தைப் பாதி மட்டும் திறந்து தொட்டிலில் வைத்து, நிறம் ஒப்பிட ஒரு நிறப்பட்டையோடு 300 அல்லது 400 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு அத்தனை புள்ளிகள்) எடுப்பார்கள். தரம் குறையாத டிஃப் படக்கோப்பைப் பாதுகாப்புக்கான மூலப்பிரதியாக வைப்போம், பிடிஎஃப் வாசகருக்கு. ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என்று விவரம் பதியாத கோப்பு இருந்தும் இல்லாததுதான்.

ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றியாச்சு. வேலை முடிந்ததா சார்?

சார் இல்லை தம்பி, அக்கா! உண்மையான வேலையே அப்புறம்தான் தொடங்குகிறது. டிஸ்க் பழுதாகும், கோப்பு சத்தமில்லாமல் சிதையும். அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்து, அவ்வப்போது ஒப்பிடுகிறோம். மாறியிருந்தால் வேறு ஊரில் உள்ள பிரதியிலிருந்து மீட்கிறோம். பல நூலகங்கள் ஆளுக்கொரு பிரதி வைத்து ஒன்றையொன்று சரிபார்க்கும் லாக்ஸ் திட்டத்தை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1999இல் தொடங்கியது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது சைபர் தாக்குதல் நடந்தது. நூல் அட்டவணையே 2024 ஜனவரியில்தான் இணையத்துக்குத் திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. ஒரே இடத்தை நம்பாதீர்கள்.

மைக்ரோஃபிலிம் இன்னும் எதற்கு?

பக்கங்களை மிகச் சிறிதாகப் படம் பிடித்து வைத்த ஃபிலிம் சுருள் அது. படிக்க வெளிச்சமும் ஒரு லென்ஸும் போதும், மென்பொருள் வேண்டாம். குளிர்ந்த, உலர்ந்த அறையில் பாலியெஸ்டர் ஃபிலிம் சுமார் 500 வருடம் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். பழைய தமிழ் நூல்களைச் சேகரித்த கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் காலமானபின் அவர் சேர்த்தவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் கடல் கடந்து கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கி, ஃபிலிமில் படியெடுத்தார்கள். அந்த முடிவு எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது.

எல்லாவற்றையும் இலவசமாக இணையத்தில் போடலாமே?

இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. பல்கலைக்கழகங்கள் 2008இல் தொடங்கிய ஹாதிடிரஸ்ட் மின்னூலகத்தில் 1.7 கோடிக்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. உரிமை காரணமாகப் பெரும்பாலானவற்றில் தேட மட்டுமே முடியும். நார்வே தேசிய நூலகம் உரிமையாளர்களோடு கூட்டாக ஒப்பந்தம் போட்டு, தன் நாட்டுக்குள் இருப்பவர்கள் படிக்கத் திறந்துவிட்டிருக்கிறது. நாமும் அதைக் கேட்க வேண்டும்.

பழைய தமிழ் நூல்களில் தேடினால் சொல் சிக்குவதில்லையே?

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, ணை, றா வடிவங்களிலும் தேய்ந்த அச்சிலும் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்) தடுமாறுகிறது. அந்த எழுத்துகள் வராத துண்டாகச் சொல்லை வெட்டித் தேடிப் பாருங்கள்.