கடல் கிணற்றுக்குள் வரும் வழி
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடல் மட்டம் உண்மையில் எவ்வளவு உயர்ந்திருக்கிறது? எங்கள் தீவுகளும் ஒருநாள் மூழ்கிவிடுமா?
– மாணவி ஒருவர், ஊர்காவற்றுறை

பதில்: 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளதாக, காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. கடல்நீர் சூடேறி விரிவடைவதும், கிறீன்லாந்திலும் அந்தாட்டிக்காவிலும் மலைகளிலும் உள்ள பனி உருகுவதுமே இதற்கு முதன்மைக் காரணங்கள். 2006க்குப் பின் இந்த உயர்வு ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றராக விரைவு பெற்றுள்ளது. புகை வெளியேற்றம் மிக அதிகமாகவே தொடருமானால், 2100 அளவில் கடல் மட்டம் 63 முதல் 101 சென்ரிமீற்றர் வரை உயரக்கூடும் என்பது அதே அறிக்கையின் கணிப்பு. மாலைதீவின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு கடல் மட்டத்திலிருந்து 1 மீற்றர் உயரங்கூட இல்லாதது. எங்கள் தீவுகளிலும் கரையோரத் தரவைகள் தாழ்ந்தே கிடக்கின்றன. ஆனாலும் நிலம் மூழ்குவதற்கு நெடுங்காலம் முன்னரே குடிதண்ணீர் கெட்டுவிடும். அடுத்த கடிதம் அதைத்தான் கேட்கிறது.

கேள்வி: கடல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வளவுக் கிணறு சில வருடங்களாக உவர்த்துக்கொண்டே வருகிறது. ஆழப்படுத்தினால் நல்ல தண்ணீர் வருமா?
– வேலணை வாசகர்

பதில்: தயவுசெய்து ஆழப்படுத்தாதீர்கள். இருக்கிற நன்னீரையும் அது கெடுத்துவிடும்.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை; மழை நீரைச் சுண்ணாம்புக் கல் உள்வாங்கி வைத்திருப்பதாலேயே நாம் வாழ்கிறோம். வெடிப்பும் குகையுமாய் இருக்கும் அக்கல்லின் அடியில் கடல்நீரும் ஊடுருவி நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்ததால் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் வகுத்த பொதுக்கணக்கு. அப்படியானால், தொடர்ந்து இறைப்பதால் மேல்மட்டம் 1 அடி இறங்கினாலும், தாழ்ந்த நிலத்தில் கடல் மட்டம் 1 அடி உயர்ந்தாலும், அடியிலிருந்து உவர் பல அடி மேலெழுந்து வரும் என்பதை எண்ணிப் பாருங்கள். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு இடைவெளி கிடைத்தது. மின்மோட்டரை மணிக்கணக்கில் ஓடவிடும்போது கிணற்றின் நேர் கீழே உள்ள உவர் கூம்பு போல மேலே இழுபடுகிறது. ஆழக் குழாய்க்கிணறு அடிப்பவர் அந்த உவரைத் தாமே போய்த் தொடுகிறார்.

சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு எளிதில் அவியாது, வாளியின் உட்புறத்தில் வெள்ளைப் படலம் படியும். இவை தண்ணீர் மாறுகிறது என்பதற்கான அடையாளங்கள். அந்த நிலையிலேனும் மோட்டரைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, கிணற்றை ஊறவிட்டு மீண்டும் இறையுங்கள். கூரை நீரைத் தொட்டியில் பிடியுங்கள்: 100 சதுர மீற்றர் கூரையில் 1,000 மில்லிமீற்றர் மழை பெய்தால் 100,000 லீற்றர் விழுகிறது. சிந்திச் சிதறுவது போக எஞ்சுவதே ஒரு குடும்பம் கோடையில் குடிக்கவும் சமைக்கவும் போதும். தூர்ந்து கிடக்கும் ஊர்க்குளங்களையும் கேணிகளையும் தூர்வாருவதும் இதே வேலைதான். அங்கே தேங்கும் மாரித் தண்ணீர் கல்லுக்குள் இறங்கி உவரைக் கீழே அழுத்துகிறது. குளத்தை மண்போட்டு நிரவிக் கட்டடம் எழுப்புவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது.

கேள்வி: எங்கள் கரை வருடா வருடம் அரிபடுகிறது. கருங்கல் அணை போட்டால் தீர்ந்துவிடாதா?
– வடமராட்சி கிழக்குக் கடற்றொழிலாளர்

பதில்: வாடியும் வள்ளமும் அலைக்கு அருகில் இருப்பவருக்கு அணை உடனடி ஆறுதல் தரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கரையோரமாக நகரும் மணலை அந்தக் கல் தடுத்து நிறுத்துவதால், பக்கத்து ஊரின் கரை பட்டினி கிடந்து அரிபடத் தொடங்கும். கல்லுக்கு அடியால் ஊடுருவும் உவரையும் அது தடுக்காது. வல்லிபுரத்திலிருந்து மணற்காடு வரை நிற்கும் மணற்குன்றுகள் அலையின் வேகத்தை வாங்கிக்கொள்வதோடு, மழை நீரையும் உள்ளே தேக்கி வைக்கின்றன. அந்த மணலை லொறியில் ஏற்றி விற்பது கரையையும் கிணற்றையும் சேர்த்து விற்பதாகும்.

களப்பின் பக்கமாக வரும் கடலுக்கு வேறு காவல் உண்டு. தொண்டமானாற்றில் கதவுகளுடன் உவர்நீர்த் தடுப்பணை கட்டப்பட்டது, கடல்நீர் உள்ளே வராமல் மறித்து மாரி நீரால் களப்பை மெல்ல நன்னீராக்குவதற்காகத்தான். போர்க்காலத்தில் பராமரிப்பின்றிக் கிடந்து பின்னர் புதுப்பிக்கப்பட்ட அணை அது. கடல் உயர உயர அதன் மேல் சுமை கூடும்; ஆகவே மாரிக்கு முன் கதவுகள் இறுக மூடுகின்றனவா என்று ஆண்டுதோறும் சோதிக்கும்படி உங்கள் கடற்றொழிலாளர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து பிரதேச செயலகத்துக்கு எழுதுங்கள். மணல் அகழ்வுக்கு யாருக்கெல்லாம் அனுமதி கொடுக்கப்பட்டுள்ளது என்ற விபரத்தையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.