நாக்கில் கத்தி வைத்தால் பேச்சு போய்விடுமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. பிறந்தது முதலே நாக்கு பெரிதாகி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பெக்வித் வீடமன் நோய்க்குறி (உடலின் சில பகுதிகள் அளவுக்கு மீறி வளரும் பிறவிக் கோளாறு) என்று கண்டறிந்த மருத்துவர்கள், நாக்கின் ஒரு பகுதியை அகற்றச் சொல்கிறார்கள். 'நாக்கில் கத்தி வைத்தால் பேச்சும் வராது, ருசியும் தெரியாது' என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் மாமியாரின் அச்சம் இயல்பானதே என்றாலும், இந்தச் சிகிச்சை நடக்கும் விதத்தை அறிந்தால் அது பெரிதும் குறையும். நாக்கை அசைக்கும் நரம்பும் அதற்கு இரத்தம் கொண்டுவரும் தமனியும் அடிப்பகுதியில் இரு பக்கங்களிலும் செல்வதால், அறுவை மருத்துவர் அவற்றைத் தொடாமல், நுனியிலிருந்தும் நடுப்பகுதியிலிருந்தும் சதையை எடுத்துவிட்டு, தானே கரையும் தையலால் இணைப்பார். சுவை மொட்டுகள் நாக்கின் பின்பகுதியிலும் ஓரங்களிலும் பரவியிருப்பதால் ருசி பெரும்பாலும் குறைவதில்லை. பேச்சைப் பொறுத்தவரை, பற்களுக்கிடையே துருத்தி நிற்கும் நாக்கினால் தெளிவாக உச்சரிக்க முடியாத ஒலிகள், இடம் கிடைத்தபின் பேச்சுப் பயிற்சியால் திருந்தவே வாய்ப்பு அதிகம்.

ஆனால் நாக்கு பெரிதாக இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அறுவை தேவையில்லை. தாடை வளர வளர நாக்கு உள்ளே அடங்கிவிடுவதும் உண்டு. தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா, பாலும் உணவும் விழுங்கச் சிரமப்படுகிறானா, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் தாடை முன்தள்ளுகிறதா என்பவற்றை வைத்தே முடிவெடுக்க வேண்டும். தோற்றம் மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. (வாய் திறந்திருக்கும் குழந்தையை மந்தபுத்தி என்று முடிவுகட்டும் உறவினர்களுக்காக ஒரு வார்த்தை: இந்நோய்க்குறி உள்ள பெரும்பாலான குழந்தைகளின் அறிவு வளர்ச்சி இயல்பானதே.)

உண்மையில் கவலைப்பட வேண்டியது அறுவைக்குப் பிந்தைய முதல் சில நாள்களைப் பற்றித்தான். அப்போது நாக்கு வீங்கி மூச்சுப்பாதையை அடைக்கக்கூடும் என்பதால், குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும், குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் அனுபவமுள்ளவரும் இருக்கும் மருத்துவமனையையே தேர்ந்தெடுங்கள். இரத்தக்கசிவு, தையல் பிரிதல், சிலருக்கு நாக்கு மீண்டும் பெரிதாகி இரண்டாம் அறுவை தேவைப்படுதல் ஆகியவை பற்றியும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்நோய்க்குறியில் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் புற்றுக்கட்டி தோன்றும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம். எனவே ஏறத்தாழ 7 வயது வரை 3 மாதங்களுக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுப்பது வழக்கம். நாக்கு சரியானதும் பலர் இதை நிறுத்திவிடுகிறார்கள். அறுவைக்கான தேதி குறிக்கும்போதே அடுத்த ஸ்கேனுக்கான தேதியையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.