ஹார்ப்பர்ஸ் ஃபெரி: மலை ஏறாமலும் நடக்கலாம்

கேள்வி: மகன் வீட்டுக்கு வந்திருக்கிறோம், அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம், ஆஷ்பர்ன். சனிக்கிழமை ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்கு மலை ஏறப் போகலாம் என்கிறான். என் கணவருக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. எனக்கு ஏற்றத்தைப் பார்த்தாலே மூச்சு வாங்கும். நாங்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?
(வாசகி, திருநெல்வேலி)

பதில்: உட்காராதீர்கள் அம்மா. அந்த ஊரில் பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி ஆற்று மட்டத்திலேயே இருக்கிறது. பொட்டோமக், ஷெனண்டோவா என்று இரண்டு ஆறுகள் கூடுகிற மூக்கில் உட்கார்ந்திருக்கிற ஊர். ஆற்றோரத்தில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் தட்டையாக நடக்கலாம், மலை ஏறுகிறவர்கள் ஏறட்டும்.

நான் என் அம்மாவை அழைத்துப் போன வழியையே சொல்கிறேன். கீழ் ஊரிலிருந்து ரயில் பாலத்தை ஒட்டி ஒரு நடைபாலம் பொட்டோமக்கைக் கடக்கிறது. நீங்கள் நடுப்பாலத்தில் இருக்கும்போது சரக்கு ரயில் வந்தால் காலடியில் பாலம் அதிரும், பயப்பட ஒன்றுமில்லை. எதிரே மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் பெட்டி பெட்டியாகப் போய் மறைவதை எண்ணிக்கொண்டே நிற்கலாம், என் அம்மா எழுபதுக்கு மேல் எண்ணிவிட்டு விட்டுவிட்டாள். பாலத்தின் மறுமுனையில் இறங்க ஒரு இரும்புச் சுழல் படிக்கட்டு இருக்கிறது, இந்த வழியில் கஷ்டம் என்றால் அது ஒன்றுதான். உங்கள் கணவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கட்டும், பின்னால் வரும் இளவட்டங்கள் காத்திருப்பார்கள், அந்த ஊர் நாகரிகம் அப்படி.

கீழே இறங்கியதும் பழைய கால்வாய்க்கரைப் பாதை. செசபீக் - ஒஹாயோ கால்வாய் என்று பெயர், வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லாந்து வரை 184.5 மைல், 1924 வரை படகு ஓடியது. படகை இழுத்தது கோவேறு கழுதைகள், அவை நடந்த கரைதான் இப்போது நீங்கள் நடக்கப்போகும் பாதை. கால்வாய்த் தண்ணீர் மட்டமாக நிற்க வேண்டும், அதை ஒட்டியே போட்ட கரை, அதனால்தான் இவ்வளவு சமமாக இருக்கிறது. முழங்கால்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆறு ஓடுகிற திசையில் திரும்பி நடங்கள். ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் தூர்ந்துபோன கால்வாய், மேலே நல்ல நிழல். மரங்களில் வெள்ளைப் பட்டை தீட்டியிருப்பதைப் பார்த்தால் உங்கள் கணவருக்குக் காட்டுங்கள், ஜார்ஜியாவிலிருந்து மேய்ன் மாநிலம் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் போகிற அப்பலாச்சியன் நடைபாதையின் அடையாளம் அது. அந்தப் பெரிய பாதை இந்த இடத்தில் மூன்று மைலுக்குக் கொஞ்சம் குறைவாகக் கால்வாய்க்கரையோடேயே போகிறது. முதுகில் மூட்டையோடு தாடி வளர்ந்து மாதக்கணக்கில் நடப்பவர்கள் எதிரே வருவார்கள். அரை மணி நேரம் நடந்து திரும்பிவிட்டு, ஊருக்குப் போனதும் "அப்பலாச்சியன் பாதையில் நடந்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாம், பொய் இல்லையே.

சுழல் படி வேண்டாம் என்றால் பாலமே ஏற வேண்டாம். ஷெனண்டோவா பக்கம் விர்ஜினியஸ் தீவு இருக்கிறது. தீவு என்று பெயர்தானே தவிர, நடந்தே போய்விடலாம். ஒரு காலத்தில் பருத்தி ஆலை, மாவு ஆலை, இரும்பு வார்ப்புப் பட்டறை, தொழிலாளர் வீடுகள் எல்லாம் இருந்தன. 1870 வெள்ளம் பெரும் நாசம் செய்தது, அதற்குப் பின் வந்த வெள்ளங்கள் மிச்சத்தையும் முடித்துவிட்டன. இப்போது கல் அஸ்திவாரங்களும், ஆலைக்குத் தண்ணீர் வந்த வளைவுகளும், அவற்றின் மேல் வேர்விட்ட மரங்களும்தான். எனக்கு அந்த ஊரிலேயே பிடித்த இடம் இதுதான், கூட்டமும் குறைவு.

கேள்வி: புகைப்படங்களில் வருகிற அந்த உச்சிப் பாறைக்கு ஏறாமல் திரும்பினால் போன மாதிரியே இல்லை என்கிறாள் என் மகள். வழக்கமாக நடக்கிறவன்தான், வயது 58. ஏறலாமா?
(வாசகர், கோவை)

பதில்: மேரிலாந்து ஹைட்ஸைச் சொல்கிறீர்கள். கீழ் ஊரிலிருந்து போய்வர நாலரை மைல், போகிற வழியில் நல்ல ஏற்றம் உண்டு. இடுப்பு, முழங்கால் சரியாக இருந்தால் தாராளமாக ஏறலாம், காலை எட்டு மணிக்குள் தொடங்குங்கள், ஆளுக்கு ஒரு லிட்டராவது தண்ணீர் வேண்டும், பாறை விளிம்பில் செல்ஃபி வேண்டாம். முடியாமல் பாதியில் திரும்பினாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1862 அக்டோபரில் படைகளைப் பார்க்க வந்த ஆபிரகாம் லிங்கனே இந்த மலையில் கொஞ்ச தூரம் ஏறிவிட்டு, செங்குத்தாக இருக்கிறது என்று இறங்கிவிட்டார். மகளிடம் அதைச் சொல்லுங்கள்.

காட்சிதான் வேண்டும், ஏற்றம் வேண்டாம் என்றால் ஜெஃபர்சன் பாறை போதும். செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக்குப் போகிற, பாறையிலேயே செதுக்கிய படிகளில் ஏறி, இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும். படிகள் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருக்கும், மழை நாளில் வழுக்கும். 1783 அக்டோபரில் தாமஸ் ஜெஃபர்சன் இங்கே நின்று பார்த்துவிட்டு, இந்தக் காட்சிக்காகவே அட்லாண்டிக்கைக் கடந்து வரலாம் என்கிற அர்த்தத்தில் எழுதினார். மேல் பாறை ஆட்டம் கண்டதால் பின்னாளில் நாலு கல் தூண் முட்டுக் கொடுத்தார்கள். நம் வீட்டுப் பழைய பீரோவுக்குக் கட்டை வைக்கிற மாதிரிதான் இருக்கும்.

கேள்வி: எல்லை ஊர் என்கிறார்களே, என்ன எல்லை? ஏதாவது சோதனைச் சாவடி உண்டா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சாவடி எல்லாம் இல்லை, மாநில எல்லைதான். ஊர் மேற்கு வர்ஜீனியா, பொட்டோமக்குக்கு அந்தப் பக்கம் மேரிலாந்து, ஷெனண்டோவாவுக்கு அப்பால் தெரிகிற மலையின் மறுசரிவு வர்ஜீனியா. நடைபாலத்தில் ஏறிய உடனேயே மாநிலம் மாறிவிடும், ஏனென்றால் பொட்டோமக் ஆறு தென்கரை வரைக்கும் மேரிலாந்துக்குச் சொந்தம். ஆற்றுத் தகராறு நமக்குப் புதிதா என்ன, அங்கேயும் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

ஆனால் பெரிய எல்லை வேறு, அடிமை முறை விஷயத்தில் நாடு வடக்கு, தெற்கு என்று பிளந்த எல்லை. இந்த ஊர் முதலில் வர்ஜீனியாவில்தான் இருந்தது. அரசின் ஆயுதத் தொழிற்சாலை இங்கே இருந்ததால், 1859 அக்டோபரில் ஜான் பிரவுன் என்பவர் கறுப்பரும் வெள்ளையருமாக ஒரு சிறு கூட்டத்தோடு வந்து அதைப் பிடித்தார், துப்பாக்கிகளை எடுத்து அடிமைகளுக்குக் கொடுப்பதுதான் திட்டம். இதில் கொடுமை, அந்தத் தாக்குதலில் முதலில் செத்தவர் ரயில் நிலையத்தில் வேலை பார்த்த, அடிமையாக இல்லாத ஒரு கறுப்பர். கடைசியில் தீயணைப்பு வண்டி நிறுத்துகிற கொட்டகையில் பிரவுனை மடக்கிப் பிடித்து, டிசம்பர் 2 அன்று தூக்கில் போட்டார்கள். ஒன்றரை வருடத்தில் உள்நாட்டுப் போர் வந்தது, ஊர் எட்டு முறை கைமாறியது. போர் நடுவில், 1863-இல், மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமாகப் பிரிந்தது.

அந்தக் கொட்டகை இன்னும் இருக்கிறது, கோட்டை என்று பெயர், பார்த்தால் இரண்டு கார் நிறுத்துகிற இடம் அளவுக்குத்தான் இருக்கும். பிரித்து சிகாகோ கண்காட்சிக்குக் கொண்டுபோய், திரும்ப இங்கே ஒரு பண்ணையில் நிறுத்தி, பிறகு கல்லூரி வளாகத்துக்கு மாற்றி, 1968-இல்தான் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அது பண்ணையில் இருந்த நாளில், 1906-இல், கறுப்பர் உரிமைக்காகப் போராடிய டபிள்யூ. இ. பி. டுபாய்ஸும் அவருடைய நயாகரா இயக்கத்தாரும் விடியற்காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அதைப் பார்க்க நடந்தார்கள். மர்ஃபி பண்ணை என்கிற அந்த இடத்திலும் இப்போது சுலபமான நடைபாதை உண்டு, புல்வெளிதான். செருப்போடு போங்கள், உண்ணி இருக்கிறது.

கேள்வி: வண்டி, சாப்பாடு எப்படி? சேலையில் நடக்கலாமா?
(வாசகி, சென்னை)

பதில்: கீழ் ஊரில் வண்டி நிறுத்த இடம் தேடி அலையாதீர்கள். நான் ஒரு தடவை முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு, காரில் இருந்த எல்லோரிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன். மேலே ஹார்ப்பர்ஸ் ஃபெரி தேசிய வரலாற்றுப் பூங்காவின் பார்வையாளர் மையத்தில் கட்டணம் கட்டி நிறுத்தினால் அவர்கள் பேருந்திலேயே இறக்கிவிடுவார்கள். கீழே சில கடைகள் உண்டு, சைவத்துக்கு அதை நம்ப வேண்டாம், புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். ஆறு ஆழமில்லாத மாதிரி தெரியும், இழுப்பு அதிகம், பேரப்பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

சேலை சரி, காலுக்கு மட்டும் ஷூ. சுழல் படியில் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், புல்லில் உட்கார வேண்டாம். வீடு திரும்பியதும் கணுக்கால், முழங்கால் மடிப்பு, பாவாடைக் கயிறு இறுகுகிற இடம் எல்லாம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அந்த ஊர் உண்ணி எள்ளு மாதிரி இருக்கும்.